ஒப்புதல் தாளில் நான் அடித்த வரி

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். தூத்துக்குடி துறைமுகத்தில் வந்து இறங்கும் முந்திரிக்கொட்டையைச் சோதித்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. முத்தையாபுரம் கோடவுன்களில் மூட்டைகள் கூரை வரை அடுக்கியிருக்கும். தையலைப் பிரித்து, முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பேன். பிறகு கொட்டையை இரண்டாக வெட்டிப் பருப்பைப் பார்ப்பேன். நல்ல மூட்டைகளைக் கைக்கு எட்டும் வரிசையில் வைத்துவிட்டு, பூசணம் பிடித்ததை நடுவில் ஒளிப்பது இந்த வியாபாரத்தில் சகஜம். "வாங்க அண்ணாச்சி, மொதல்ல ஒரு டீ குடிங்க" என்று யாராவது விழுந்து விழுந்து உபசரித்தால், டீயைக் குடித்துக்கொண்டே நடு அடுக்கை இறக்கச் சொல்லிவிடுவேன்.

இப்படி ஒருத்தனுக்குப் பெரிய வியாதி வந்தால் அவனும் படுவான், அவனைச் சுற்றியிருப்பவர்களும் படுவார்கள். என் மூக்கில் நுழைந்த பூஞ்சை மூளையின் வாசல் வரை போனது. போக விட்டதில் பாதிப் பொறுப்பு எனக்கு. இதைப் படிக்கும் யாராவது, ஒரு பக்கக் கன்னம் மரத்துப்போன அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினால் எனக்கு அது போதும்.

தொடக்கம் பல்வலிதான். இடது பக்க மேல்வரிசையில் இரண்டு பல் ஆடின. கன்னத்துக்குள் இடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்க மூக்கு அடைத்திருந்தது, சிந்தினால் பழுப்பாக ஏதோ வந்தது. கோடவுன் தூசி என்று நினைத்து மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "இது பல்லுல உள்ள கோளாறு இல்ல. காது மூக்கு தொண்டை டாக்டரை உடனே பாருங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு எழுதுகிறவருக்கு அங்கிருந்து ஏதோ வரும் என்று எனக்குத் தோன்றியது. சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்தவன் அங்கேயே மறந்தேன்.

நாலைந்து நாளில் வலி நின்றுவிட்டது. எனக்கு ஒரே கொண்டாட்டம். டாக்டர் இல்லாமலே சரியாயிற்று என்று வீட்டில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அடுத்த நாள் சவரம் செய்யும்போது இடது கன்னத்தில் பிளேடு கிழித்து ரத்தம் கழுத்து வரை வழிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. என் மனைவி முத்துக்கனிதான் பார்த்துக் கத்தினாள்.

"என்ன இப்படி அறுத்து வெச்சிருக்கிய! வலிக்கலியா?"

"வலிக்கல. அதான் சரியாப் போச்சுன்னு சொன்னேம்லா."

அவள் துண்டால் துடைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். இடது இமை பாதி மூடியிருப்பதாகச் சொன்னாள். அன்று சாயங்காலம் கோடவுன் வாசலில் ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரிந்ததை வீட்டுக்கு வந்து சொன்னேன். அதற்கு மேல் அவள் என்னைக் கேட்கவே இல்லை. தன் தம்பி ராஜதுரைக்குப் போன் போட்டாள். ராஜதுரை ஆத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான், என்னை அத்தான் அத்தான் என்று சுற்றி வருகிறவன். மறுநாள் காலை இருவரும் என்னைக் காரில் ஏற்றி ஊருக்குள் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆஸ்பத்திரியை இவன் எதற்குத் தேர்ந்தெடுத்தான் என்று வழி நெடுகக் குடைந்தேன். "பக்கத்துல இருக்கு அத்தான், அதுக்குத்தான்" என்றான்.

டாக்டர் ஒரு பெண், கோயம்புத்தூர்ப் பக்கம். நாற்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை என் மூக்குக்குள் விட்டார். பக்கத்தில் இருந்த திரையில் கறுப்பாகக் கருகிய சதை தெரிந்தது.

"இது என் மூக்குதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். முத்துக்கனி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. "மூச்சை இழுத்து விடுங்க சார்" என்றார். இழுத்தேன். திரையில் அந்தச் சதை அசைந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடி அசைந்தது. அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

மூக்கைச் சுற்றி, கன்னத்துக்கும் நெற்றிக்கும் பின்னால், எலும்புக்குள் காற்றறைகள் இருக்கின்றன. சைனஸ் என்பது அதுதான். காற்றில் எங்கும் மிதக்கும் ஒருவகைப் பூஞ்சையின் விதைகள் எல்லோர் மூக்கிலும் போகின்றன, எல்லோரையும் ஒன்றும் செய்வதில்லை. சர்க்கரை ஏறிக் கிடக்கும் உடம்பில் மட்டும் அது வேர்விட்டு, ரத்தக்குழாய்க்குள் புகுந்து அடைத்துவிடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுக்கும். நரம்பும் சாவதால் வலி தெரியாது. நான் கொண்டாடிய வலியின்மை அதுதான். காற்றறைக்கும் கண்ணுக்கும் நடுவே இருப்பது அட்டை கனம் எலும்பு. கண்ணுக்குப் பின்னாலிருந்து மூளைக்கு நேர்வழி. டாக்டர் இதை ஒரு தாளில் படம் வரைந்து சொன்னார்.

"கறுப்புப் பூஞ்சையா? அது கரோனா வந்தவங்களுக்குத்தானே வரும்? எனக்குக் கரோனாவே வந்ததில்லையே" என்றேன்.

"கரோனாவுக்கு முன்னாடியும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு. உங்களுக்குச் சர்க்கரை நானூறுக்கு மேல இருக்குங்க."

நான் விடவில்லை. பல வருடமாக எனக்குச் சர்க்கரை உண்டு; மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதித்த சீட்டுகள் பையில் இருந்தன, எல்லாம் நல்ல எண்கள். எடுத்து மேசையில் பரப்பினேன். டாக்டர் அவற்றைப் பார்த்துவிட்டு வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதினார். கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிக் கொடுத்துவிடுமாம். காட்டிக் கொடுத்தது. பன்னிரண்டு. ஏழுக்குள் இருக்க வேண்டியது.

உண்மை இதுதான். சோதனைக்கு மூன்று நாள் முன்பிருந்து சோற்றை விட்டுவிட்டு, வெந்தயமும் பாகற்காயுமாகத் தின்று, மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு போய் விரலை நீட்டுவேன். சீட்டு நன்றாக வரும். திரும்பும் வழியிலேயே மக்ரூன் இனிப்பு வாங்கித் தின்றுவிடுவேன். கை எட்டும் வரிசையில் நல்ல மூட்டையை அடுக்கி வைத்த கள்ள வியாபாரி நானேதான். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், கோடவுன்காரர்களை நான் பார்க்கும் பார்வை இருந்தது. வெட்கமாகப் போயிற்று.

ஆனால் வெட்கப்பட்டவன் திருந்தினேனா என்றால், இல்லை. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்கள். "எத்தனை இடத்துல எடுப்பீங்க?" என்றேன். மூன்று இடத்தில் எடுத்தார்கள். ஒரு துளி சதையை ஒரு காரக் கரைசலில் போட்டால் சதை கரைந்து பூஞ்சை இழை மட்டும் நிற்கும், ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்தது, அகல அகலமான இழைகள். மருந்தை அன்றே ஏற்றத் தொடங்கினார்கள். மறுநாள் காலை ஆபரேஷன் என்றார் டாக்டர். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது, செத்த சதையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

இங்கேதான் என் தொழில் புத்தி என்னைக் கெடுத்தது. எங்கள் வேலையில் ஒரு சாம்பிளை மூன்றாகப் பிரிப்போம். விற்றவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று, தகராறு வந்தால் வேறு இடத்தில் சோதிக்க மூன்றாவது, அது சீல் வைத்து எங்களிடம் இருக்கும். ஒரே இடத்து ரிப்போர்ட்டை வைத்து நான் வாழ்க்கையில் கையெழுத்துப் போட்டதில்லை. "என் சதையில ஒரு பங்கை மதுரை லேபுக்கு அனுப்பணும். அந்த ரிப்போர்ட் வந்தபிறகுதான் கையெழுத்து" என்றேன்.

"தாராளமா அனுப்புங்க. ஆனா அது வர்ற வரைக்கும் இது காத்திருக்காது சார். ஒவ்வொரு நாளும் உங்க கண்ணைத்தான் நீங்க பணயம் வைக்கிறீங்க."

இப்படிப் பயமுறுத்தினால் நான் கையெழுத்துப் போடுவேன் என்று நினைக்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். லேப் பெண் புட்டியை மூடி பிளாஸ்திரி ஒட்டினாள். பிளாஸ்திரியும் புட்டியும் சேரும் இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போட்டேன். "எத்தனையோ பேரைப் பாத்துருக்கேன் அண்ணாச்சி, இப்படி ஒரு ஆளைப் பாத்ததில்ல" என்றாள். சனிக்கிழமை காலை ராஜதுரை கடையைப் பூட்டிவிட்டு, புட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மதுரைக்குப் போனான். பையில் வைத்தால் குலுங்கும் என்று மடியில் வைத்துப் போயிருக்கிறான். ஞாயிறு லேப் கிடையாது. இரண்டு ராத்திரி அங்கேயே லாட்ஜில் தங்கினான். அவனைத்தான் நான் கமிஷன் வாங்குகிறவன் என்று சந்தேகப்பட்டேன்.

அந்த மூன்று நாளும் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆம்போடெரிசின் என்று பெயர். மஞ்சள் நிறத் திரவம், மணிக்கணக்காகச் சொட்டும், வெளிச்சம் படாமல் உறை போட்டுத் தொங்கவிடுவார்கள். ஏறத் தொடங்கினால் பல் கிட்டும்படி குளிர் நடுக்கம். கிட்னியைப் பாதிக்கக்கூடியது என்பதால் தினம் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். விலை உயர்ந்த மருந்து என்று கேள்விப்பட்டதும், பில்லோடு ஒத்துப் பார்க்கக் காலிக் குப்பிகளை என் கட்டிலுக்கு அடியில் வரிசையாக வைக்கச் சொன்னேன். முத்துக்கனி இரண்டு கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் தானும் சாய்ந்து என்னை அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். அவள் பிடிக்குள் நடுங்கிக்கொண்டே நான் குப்பிகளை எண்ணினேன்.

பக்கத்துக் கட்டிலில், கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிற ஒருவர் காதில் கட்டோடு படுத்திருந்தார். முதல் நாளே முத்துக்கனியிடம் விசாரித்துவிட்டு, "பூசணம் காத்துல பறந்து வந்துராதா?" என்று கட்டிலைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டார். ஆளுக்கு ஆள் தொற்றாது என்று நர்ஸ் சொல்லியும் நம்பவில்லை. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று.

திங்கட்கிழமை காலை நர்ஸ் வலது கண்ணை மூடச் சொல்லி, இடது கண்ணில் டார்ச் அடித்தாள். "வெளிச்சம் தெரியுதா?" என்றாள். "டார்ச்சைப் போடும்மா மொதல்ல" என்றேன். முத்துக்கனி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு வெளியே போனாள். டார்ச் அதுவரை எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சாயங்காலம் ராஜதுரை போன் செய்தான். "அத்தான், இங்கனயும் அதேதான் சொல்லுதாவ" என்றவன் அதற்கு மேல் பேச முடியாமல் அழுதான்.

ஒப்புதல் தாள் வந்தது. சைனஸைச் சுத்தம் செய்யவும், தேவைப்பட்டால் இடது கண்ணை அகற்றவும் சம்மதம் என்று இருந்தது. பார்வை போய்விட்டாலும் கண் என் கண் அல்லவா? அது திரும்பாது என்று யார் கண்டது? எங்கள் ரிப்போர்ட்டுகளில் செய்வதுபோல, கண் என்ற வரியைக் கோடு போட்டு அடித்து, இரண்டு முனையிலும் சின்னக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் முடிஞ்சவரைக்கும் முயற்சி பண்றேன்" என்றார். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். நாலு பல்லும் மேல்தாடை எலும்பில் ஒரு துண்டும் போயின. கண் இருந்தது.

வியாழக்கிழமை காய்ச்சல் ஏறியது. இடது நெற்றிக்குப் பின்னால் தலை பிளந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் போய், மூளையைச் சுற்றியுள்ள உறையைப் பூஞ்சை தொட்டுவிட்டது என்றார் டாக்டர். கண்ணை எடுத்து அந்தப் பாதையைச் சுத்தம் செய்யாவிட்டால், இரண்டு மூன்று நாளில் பக்கவாதமோ சாவோ என்றார். சுற்றி வளைக்காமல் அப்படியே சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முதலில் பல் என்றீர்கள், பிறகு எலும்பு, இப்போது கண், நாளைக்கு எதைக் கேட்பீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாமே சத்தமாக.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு டாக்டரும் வந்தார். "இன்னைக்கு என்ன கிழமை சார்?" என்று கேட்டார். இது எதற்கோ போடும் தூண்டில் என்று எனக்குப் பட்டது. "டாக்டருக்குப் படிச்சிருக்கீங்க, கிழமை தெரியாதா?" என்றேன். எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்றார். "சொன்னா எழுதிக்கிடுவீங்க, சொல்லமாட்டேன்" என்றேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, முத்துக்கனியை வெளியே கூப்பிட்டார்கள். அவள் திரும்பி வந்து என் காலைப் பிடித்துவிட்டாள். பிறகு ஒரு ஊசி போட்டார்கள்.

விழித்தபோது இடது பக்கம் பெரிய கட்டு. தடவிப் பார்த்தேன், மேடு இருக்க வேண்டிய இடம் பள்ளமாக இருந்தது. நான் கத்திய கத்தல் இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். யார் கையெழுத்துப் போட்டது என்றேன். "நான்தான்" என்றாள் முத்துக்கனி. உங்களுக்கு நினைவு தடுமாறியிருந்தது, மூளை உறையில் அழற்சி இருந்தால் அப்படி ஆகும், இரண்டு டாக்டர்கள் பார்த்து எழுதியிருக்கிறோம், அதனால்தான் உங்கள் மனைவியிடம் கையெழுத்து வாங்கினோம் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஸ்கேனைக் காட்டினார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நாலு நாள் முத்துக்கனியோடு பேசவில்லை. அவள் கட்டிலின் வலது பக்கத்துக்கு ஸ்டூலை மாற்றிப் போட்டுக்கொண்டு, அங்கிருந்தே கஞ்சி ஊட்டினாள். இடது பக்கம் உட்கார்ந்தால் எனக்கு அவளைத் தெரியாது.

மேலும் ஐந்து வாரம் அங்கே இருந்தேன். பூஞ்சை அதற்கு மேல் நகரவில்லை. பிறகு மாதக்கணக்கில் மாத்திரை, நாளுக்கு நாலு வேளை இன்சுலின், மேல்தாடை ஓட்டையை அடைக்க ஒரு தட்டு, கறுப்புக் கண்ணாடி. பிழைத்துவிட்டேன். அந்தக் கண்ணை எடுக்காமல் விட்டிருந்தால் இந்த வாக்கியத்தை எழுத ஆள் இருந்திருக்காது என்பதை இப்போது எந்தச் சந்தேகமும் இல்லாமல் சொல்கிறேன்.

ஆனால் வேறொரு சந்தேகம் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வியாழக்கிழமை நான் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அது தெளிவாகத்தான் தோன்றியது. ஆனால் புத்தி தடுமாறிப் பேசியது என்று இரண்டு டாக்டர்கள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால், தெளிவாக இருப்பதாக நான் நினைக்கும்போதெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறேனா? கேஸை அணைத்தோமா என்று மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். கூட்டிய கணக்கை நாலு முறை கூட்டினேன். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் தலையையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். அதைப் போல நரகம் கிடையாது.

ஒரு வருடம் கழித்து மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். போனேன், அள்ளினேன், வெட்டிப் பார்த்தேன். ரிப்போர்ட்டும் எழுதினேன், கையெழுத்து மட்டும் வரவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே கிடந்தது. ஆபீஸிலிருந்து போன் மேல் போன்.

"ஏளா, நான் வேலையை விட்டுருதேன். என் தலையை நம்பி இனிமே ஒண்ணும் எழுத முடியாது" என்றேன். அடுப்படியில் முத்துக்கனி சாளை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவவில்லை, அப்படியே வந்து என் வலது பக்கம் நின்றாள்.

"உங்க தலைக்கு ஒண்ணும் ஆகல. அன்னைக்கு நீங்க தெளிவாத்தான் பேசுனிய" என்றாள்.

"என்னளா சொல்லுத?"

"அந்த டாக்டரம்மா என்னை வெளிய கூப்பிட்டுக் கேட்டாவ. 'இவர் எப்பவும் இப்படித்தான் பேசுவாரா, இல்ல இன்னைக்குத்தான் இப்படியா? யோசிச்சுச் சொல்லுங்க'ன்னு. எப்பவும் இப்படித்தான்னு சொன்னா, நீங்க வேண்டாம்னு சொன்னதுதான் செல்லும், கண்ணை எடுக்கமாட்டாவ. நீங்க செத்துப் போவிய. அதான் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அவள் தரையைப் பார்த்தாள். "'எங்க வீட்டு அவிய யாரு என்ன சொன்னாலும் உடனே நம்பிருவாவ டாக்டர். வாழ்நாள்ல ஒருத்தரையும் சந்தேகப்பட்டதே கிடையாது. இது அவிய பேச்சே இல்ல'ன்னு சொன்னேன். ஒரு வாரமா உங்களைப் பாத்த டாக்டரம்மா நம்புனாவளோ என்னவோ, அப்படியே எழுதிக்கிட்டாவ."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேல்தாடைத் தட்டு நழுவி வாய்க்குள் ஆட, அதைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மீன் வாடை அடிக்கும் கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நின்றாள். இந்தப் பொய்யை ஒரு வருடம் தனியாகச் சுமந்திருக்கிறாள்.

சிரித்து முடித்ததும் என் புத்தி தன் வேலையைத் தொடங்கியது. அன்றைக்கு டாக்டரிடம் சொன்னது பொய்யா, அல்லது நான் வேலையை விட்டுவிடக் கூடாது என்று இன்றைக்கு என்னிடம் சொல்வது பொய்யா? புருஷன் பிழைக்க ஒரு பொய் சொன்னவள், அவன் தலை நிமிர இன்னொன்று சொல்லமாட்டாளா? டாக்டரிடம் போய்க் கேட்டால் தெரிந்துவிடும். பைல் இருக்கும், என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள் என்று அதில் எழுதியிருக்கும்.

கேட்கப் போவதில்லை. அவளிடம் பேனா எங்கே என்று மட்டும் கேட்டேன்.